பைக்குள் இருந்த குளிசைகள்

உம்முடைய பையை நேற்று வெயிலில் வைத்தார்கள்.

உம்முடைய கருமாதி முடிந்து உறவினர் எல்லோரும் போய்விட்டார்கள். கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட நான் மட்டும் முற்றத்து வேம்பின் கீழ் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். உம்முடைய மகள் அலுமாரிக்கு மேலே இருந்த அந்தப் பையை இறக்கிக் கொண்டுவந்து பாயில் கொட்டினாள். உரச்சாக்கை வெட்டி, இரட்டைத் தையல் போட்டு, தோளில் கொழுவ நாடா வைத்த பை. காணிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ்கள், உம்முடைய மனைவியின் கலியாணச் சேலை என்று ஒவ்வொன்றாகப் பாயில் பரவியபோது பூச்சி உருண்டை மணம் எழும்பி முற்றத்தில் நின்றது.

"மாமா, இந்தப் பேணி என்னத்துக்கு இதுக்குள்ள? வெறும் பேணி," என்று எடுத்து நீட்டினாள்.

பழைய பால்மாப் பேணி. படம் எல்லாம் அழிந்து தகரம் மட்டும் மினுங்கியது. மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். பூச்சி உருண்டை மணம் உள்ளேயும் போகவில்லை. குளிசைக் கதை அவளுக்குத் தெரியும். இதுதான் அந்தப் பேணி என்று தெரியாது. எனக்கு அந்த மணம் போதுமாக இருந்தது. நான் தொண்ணூற்றாறாம் ஆண்டுக்குப் போய்விட்டேன்.

அந்த வருடம் நான் யாழ்ப்பாணத்தில் இருந்து கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்கு வந்து, பிறகு கனகராயன்குளத்தில் இருந்து உள்ளே போகும் கிறவல் பாதையில் உம்முடைய காணிக்கு வந்து சேர்ந்தபோது, என்னிடம் ஒரு சைக்கிளும் ஒரு சூட்கேசும்தான் இருந்தன. என்னுடைய மனைவியும் மகளும் முன்னமே கொழும்புக்குப் போயிருந்தார்கள். பத்திரிகை ஊர் ஊராக இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. அதன் நிருபரான நானும் அப்படித்தான். நீர் யார் எவர் என்று கேட்கவில்லை. கிணற்றுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைக் காலால் கோடு போட்டுக் காட்டி, "இங்கன ஒரு கொட்டில் போட்டுக்கங்க. தண்ணி கிட்ட," என்றீர். எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து ஒரு துணி மூட்டையோடு வந்து, அந்தக் காட்டை வெட்டி வயலாக்கிய மனிதர் நீர். வந்து சேர்ந்தவனுக்கு முதலில் எது வேண்டும் என்பது உமக்குத் தெரிந்திருந்தது.

ஏறக்குறைய ஒரே வயதுக்காரர் நாம். ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தோம். நான் உம்மை 'நீர்' என்றேன். நீர் என்னைக் கடைசிவரை 'நீங்க' என்றே சொன்னீர்; ஆனால் அந்த 'நீங்க'வோடு சேர்த்து எவ்வளவு நக்கல் அடிக்க முடியுமோ அவ்வளவும் அடித்தீர்.

அந்த நாட்களில் உம்முடைய வீட்டில் எதுவும் இன்றைக்கென்று இருக்கவில்லை. சவர்க்காரத்தை நூலால் அறுத்து, ஒரு துண்டைப் பாவித்து மற்றதை வைத்துவிடுவீர். ஜாம் போத்தல் விளக்கில் திரி நனையும் அளவுக்குத்தான் மண்ணெண்ணெய். நெருப்புப்பெட்டி வீட்டுக்கு ஒன்று. அடுப்பில் தணல் இருந்தால் அதையும் தொடக்கூடாது. உம்மைக் குறை சொல்ல முடியாது. வீதி அடைபட்டு, சாமான் வராமல் இருந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் இருந்தோம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பை கட்டி வைக்கப்பட்டிருந்தது. ஓட வேண்டி வந்தால் எடுத்துக்கொண்டு ஓட. கிடைத்ததில் நல்லது எதுவோ அது அந்தப் பைக்குள் போனது. மிச்சத்தில்தான் நாங்கள் சீவித்தோம்.

மாதம் ஒரு முறை பள்ளிக்கூட மண்டபத்தில் கிளினிக் நடக்கும். வருகிறவர் அப்போதிக்கரி, அதாவது உதவி வைத்தியர்; ஊர் அவரை டொக்டர் என்றே சொன்னது. வரிசையில் நிற்பது தாய்மாரும் பிள்ளைகளும். ஆண்கள் மனைவியைச் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எதிரே புளியமரத்தடியில் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நிற்பார்கள். அந்த மரத்தடியில் ஒரு வைத்திய சாத்திரம் இருந்தது. விழுந்தவனுக்குத்தான் வருத்தம், நிற்கிறவனுக்கு ஒன்றும் இல்லை. ஐம்பது வயதில் ஒரு மனிதன் சும்மா போய் டொக்டருக்கு முன்னால் இருந்தான் என்றால், அவனுக்கு ஏதோ இருக்கிறது என்று பின்னேரத்துக்குள் குளக்கட்டு வரை கதை போய்விடும்.

அன்று மழைதான் எங்களை உள்ளே தள்ளியது. ஐப்பசி மழை, காற்றோடு வந்தது. மரத்தடியில் நின்ற எல்லோரும் மண்டபத்துக்குள் ஓடி, சுவரோடு ஒதுங்கி நின்றோம். வரிசை முடிந்துவிட்டது. டொக்டர் தன்னுடைய பிறசர் பார்க்கும் கருவியை மூடப்போனவர், எங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மழை விடுமட்டும் சும்மா நிக்கிறதை விட்டிட்டு ஆராவது கையை நீட்டுங்கோவன்."

ஒருவரும் அசையவில்லை. நீர்தான் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் போனீர். தண்ணீர் திறந்துவிடும் துருசு அடைத்தால் குளத்துக்குள் மூழ்கிப் போய் அடைப்பை எடுத்துவிடுகிறவர் நீர். உம்முடைய கையைக் காட்டி மற்றவர்களைச் சிரிக்க வைக்கத்தான் போனீர்.

"பாத்து டொக்டர், சைக்கிள் டியூப்புக்கு அடிக்கிற மாதிரி அடிச்சு வெடிக்க வெச்சிராதீங்க."

எல்லோரும் சிரித்தோம். டொக்டர் சிரிக்கவில்லை. பாதரசம் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றக் கையிலும் பார்த்தார். கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"தலையிடி வாறதோ? கண் மங்குறதோ?"

"ஒண்ணும் இல்லீங்க. போன வாரந்தான் துருசுல முங்கிட்டு வந்தேன்."

"இனி நான் சொல்லுமட்டும் முங்காதேங்கோ."

குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். மழைச் சத்தத்தில் பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது. உமக்குப் பிறசர், இரத்த அழுத்தம், அதிகம். நன்றாகவே அதிகம். இப்படியே விட்டால் ஒரு நாள் கை கால் இழுக்கலாம், அல்லது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழலாம். அதற்கு முதல் ஒரு நோவும் காட்டாமலே இருக்கும். ஒரு கடதாசிச் சரையில் வெள்ளைக் குளிசைகளைச் சுற்றித் தந்தார். "நோகேக்க போடுறதில்லை இது. நோகாமல் இருக்கப் போடுறது. ஒவ்வொரு நாளும் காலமை. உப்பைக் குறையுங்கோ. கருவாட்டைக் கண்ணிலும் காட்டாதேங்கோ. அந்தப் பீடியை இண்டைக்கே விடுங்கோ."

திரும்பும் வழியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தோம். மழை விட்டிருந்தது. வாய்க்கால் மதகில் நின்று, "நிருபரே, இத பேப்பர்ல போட்றாதீங்க," என்றீர். நான் சிரித்தேன். நீர் சிரிக்கவில்லை.

"மகளுக்குக் கலியாணப் பேச்சு நடக்குது. உங்களுக்குத் தெரியும். அவங்க யாழ்ப்பாணத்து ஆளுங்க. தோட்டத்துல இருந்து வந்த எங்கள இந்த ஊர்ல எப்பிடிப் பாக்குறாங்கன்னும் உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு குறையே போதும். அப்பனுக்கு வருத்தம்னு ரெண்டாவது குறையும் நான் குடுக்கவா?"

நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. உம்முடைய மனைவிக்கு மட்டும் நீர் சொன்னீர். அதுகூடக் கருவாட்டை ஏன் வேண்டாம் என்கிறீர் என்று அவர் விடாமல் கேட்டதால்.

அதன் பிறகு நீர் ஒரு கிளினிக்கையும் தவறவிடவில்லை. "நிருபருக்குத் துணைக்குப் போறேன்," என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவீர். கூட்டம் கலைந்த பிறகு கடைசி ஆளாய்க் கையை நீட்டுவீர். சரையை வாங்கி மடியில் வைப்பீர். பீடியை உண்மையிலேயே விட்டீர். ஆனால் பிறசர் இறங்கவில்லை. டொக்டர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "போடுறியள்தானே?" என்று கேட்டார். "வாங்குறேனே ஐயா, பாக்குறீங்கதானே," என்றீர். பதில் கேள்விக்கு நேராக இல்லை என்பதை ஒரு நிருபர் கவனித்திருக்க வேண்டும். நான் மழைக்கால நெல்லைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்திருப்பேன். டொக்டர் குளிசையைக் கூட்டினார். அடுத்த மாதமும் இறங்கவில்லை. இன்னும் கூட்டினார்.

மழைக்காலம் முடிந்து தை வெயில் ஏறியதும் ஊரில் பைகளை அவிழ்ப்பார்கள். ஓடுவதற்குக் கட்டி வைத்த பை மழையில் பூஞ்சணம் பிடித்திருக்கும். கடதாசிகளையும் சேலைகளையும் பாயில் பரப்பிக் காயவிட்டு, புதுப் பூச்சி உருண்டை போட்டுத் திரும்பக் கட்டுவார்கள். தைப்பொங்கல் கழிந்த கிழமை ஒவ்வொரு முற்றத்திலும் அந்தப் பாய் விரிந்திருக்கும். உம்முடைய முற்றத்திலும் விரிந்தது. நான் கிணற்றடியில் பல்துலக்கிக்கொண்டு நின்றேன்.

"என்னங்க! இங்க வாங்க!"

உம்முடைய மனைவி சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஓடிப் போனேன். அவர் பாயில் இருந்து, மடியில் இந்தப் பேணியை வைத்துக்கொண்டிருந்தார். பேணி நிறைய வெள்ளைக் குளிசைகள். கடைசிச் சரையைத் தவிர மாதாமாதம் வந்த சரைகள் எல்லாம் அவிழ்த்துக் கொட்டப்பட்டு, நெல் விதைபோல் கிடந்தன.

"இது என்னா?"

நீர் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த கையோடு வந்தீர். பேணியைப் பார்த்தீர். மறைக்க முயலவில்லை. உமக்கு அது மறைக்க வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் மறக்காதது.

"மருந்து. பைக்குத்தான். எடுக்காத, மூடு."

"நீங்க ஒண்ணுகூடப் போடலியா?"

"மொத நாள் ஒண்ணு போட்டேன். ஒண்ணும் செய்யல. எனக்குத்தான் ஒண்ணும் இல்லியே, புள்ள. நல்லா இருக்கும்போது மருந்தக் கரைச்சா, ஓடுற அன்னைக்கு எங்க போறது? காட்டுக்குள்ள கெடந்து தலை சுத்துச்சுன்னா எந்தக் கடையில குடுப்பான்? அன்னைக்குப் போடலாம்னு வெச்சிருக்கேன்."

நான் வாயைக் கொப்பளித்துவிட்டு விளக்கம் சொல்ல வந்தேன். குளத்தை இழுத்தேன். மழை வருமுன் நீர் குளக்கட்டில் எலி வளை தேடி அடைப்பதில்லையா, அதுபோலத்தான் இதுவும் என்றேன். நல்ல உவமை என்று எனக்கே ஒரு திருப்தி.

"குளத்துக்குச் சம்பந்தம் பேசி யாரும் வரலீங்க, நிருபரே," என்றீர். "நீங்க பல்ல வெளக்குங்க."

உம்முடைய மனைவி எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. பேணியையே பார்த்துக்கொண்டு, சத்தம் இறங்கிய குரலில் கேட்டார்:

"ஓடுற அன்னைக்கு இந்தப் பையத் தூக்கப்போறது யாரு?"

"நாந்தான்."

"அன்னைக்கு உங்களுக்குக் கையும் காலும் இழுத்துட்டுக் கெடந்தா? நானும் புள்ளையும் உங்களத் தூக்குறதா, பையத் தூக்குறதா?"

வைக்கோலைத் தட்டிவிட்டுப் போய்விட்டீர். மாடு ஒன்றை வெகுநேரம் தடவிக்கொண்டு நின்றீர்.

அடுத்த நாள் காலையில் இருந்து குசினி வாசலில் ஒரு புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. சீனி இல்லாத காலம். பால் இல்லாத பிளேன்ரீக்குக் கடித்துக்கொள்ள ஒரு துண்டு பனங்கட்டி. உம்முடைய மனைவி வலது கையில், கடைசிச் சரையில் டொக்டர் கூட்டித் தந்த குளிசையையும் இடது கையில் பனங்கட்டியையும் வைத்துக்கொண்டு நிற்பார். வலது கை வெறுமையான பிறகுதான் இடது கை திறக்கும். "வாயத் தெறங்க. நாக்கத் தூக்குங்க," என்பார். துருசுக்குள் மூழ்குகிற மனிதர், கிளினிக் பிள்ளைபோல வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுவீர். நான் கிணற்றடியில் நின்று சிரிப்பேன். "சிரிங்க, சிரிங்க," என்பீர்.

ஆனால் சில நாட்களில் வயல் வரம்பில் தலை சுற்றிக் குந்திவிட்டீர். போடாத மருந்துக்கு மேல் மருந்தாக டொக்டர் கூட்டிக்கொண்டே போனாரல்லவா. இப்போது அந்த முழு அளவும் உள்ளே போயிற்று. உம்மைச் சைக்கிளில் வைத்து நான் தள்ள, உம்முடைய மனைவி பேணியைச் சேலைத் தலைப்பில் மூடிக்கொண்டு பின்னால் வர, பெரிய வீதிக்கு அருகில் டொக்டர் தங்கியிருந்த வீட்டுக்குப் போனோம். உண்மையைச் சொல்லாமல் இனி முடியாது.

உம்முடைய மனைவி பேணியை மேசையில் வைத்தார். டொக்டர் மூடியைத் திறந்து பார்த்தார். மணந்து பார்த்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் நான் இந்தப் பைக்குத்தான் வைத்தியம் பாத்திருக்கிறன்."

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் கொஞ்சம் வந்தது. பிறகு அது போய்விட்டது.

"அண்ணை, இந்தக் குளிசை எனக்கு எண்ணித்தான் வருது. போன மாதம் பூவரசங்குளம் பக்கத்து ஆள் ஒருத்தரை இல்லையெண்டு திருப்பி அனுப்பினனான். அவருக்குக் குடுக்க இல்லாமல் போனது இதுக்குள்ள கிடக்குது."

உம்முடைய முகத்தை நான் அப்போது பார்த்தேன். உமக்கு வரப்போவதாகச் சொன்ன எதுவும் உம்மை அசைத்ததில்லை. இது அசைத்தது. "எடுத்துக்கங்க ஐயா. எல்லாத்தையும் எடுத்து அவருக்குக் குடுங்க," என்று பேணியைத் தள்ளினீர்.

"பூச்சி உருண்டையோட கிடந்த குளிசையை ஆருக்குக் குடுக்கிறது? ஒருத்தருக்கும் குடுக்கேலாது. தாட்டுவிடுங்கோ." பிறகு உம்முடைய கையைப் பிடித்துப் பிறசர் பார்த்தார். அளவைக் குறைத்து எழுதினார். "இதை மட்டும் போடுங்கோ. கூட்டுறதும் குறைக்கிறதும் நான். நீங்களும் இல்லை, பையும் இல்லை."

அன்று பின்னேரம் வேலியோரத்தில் குழி வெட்டினீர். முருங்கைக்குக் கிட்டத்தான். பேணியைக் கவிழ்த்துவிட்டு, "இனி இந்த முருங்கைக்குப் பிறசர் வராது," என்றீர். சொல்லிவிட்டுச் சிரிக்காமல் மண்ணை மூடினீர். அந்தப் பூவரசங்குளத்து ஆள் யாரென்று நீர் பிறகும் பலமுறை டொக்டரிடம் விசாரித்தீர். அடுத்த மாதம் அவருக்குக் குளிசை கொடுத்தாயிற்று என்று அவர் சொன்ன நாளில்தான் உம்முடைய பேச்சு பழையபடி திரும்பியது. வெறும் பேணியைக் கழுவித் திரும்பவும் பைக்குள் வைத்தீர். ஏன் என்று கேட்டேன். "காலியா இருக்கட்டும். பாக்கும்போதெல்லாம் ஞாபகம் வரும்," என்றீர். உம்முடைய மகள் நேற்றுக் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். அவளிடம் சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் மாசியில் வந்தார்கள். நல்ல மனிதர்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து நீர்ப்பாசனக் குடியேற்றத்தில் வயல் செய்கிறவர்கள். மாப்பிள்ளையின் தகப்பன் குறைவாகப் பேசுகிறவர். மீசைக்குப் பின்னால் என்ன நினைக்கிறார் என்று தெரியாது. காலைச் சாப்பாடு முடிந்து எல்லோரும் முற்றத்துக் கதிரைகளில் இருந்தோம். உம்முடைய மனைவி தட்டத்தில் பிளேன்ரீ கொண்டுவந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பை, ஒரு துண்டு பனங்கட்டி. உமக்கு முன்னால் வந்ததும் வழமைபோல வலது கையை நீட்டினார். உள்ளங்கையில் வெள்ளையாய் ஒரு குளிசை.

உம்முடைய முகத்தில் இரத்தம் வற்றியது. நான் நிலத்தைப் பார்த்தேன். சம்பந்தி அந்தக் கையைப் பார்த்தார்.

"இது பிறசர்க் குளிசையெல்லோ?"

நீர் "ஓம்," என்றீர். 'ஆமா' என்று சொல்லுகிற வாயில் அன்றைக்கு ஏனோ எங்கள் ஊர் 'ஓம்' வந்தது.

சம்பந்தி மீசையைத் தடவினார். மெதுவாகச் சட்டைப் பொக்கற்றுக்குள் கையை விட்டு, மடங்கி நைந்த ஒரு கடதாசிச் சரையை எடுத்தார்.

"அப்ப எனக்கும் கொஞ்சம் தண்ணி தாங்கோ, தங்கச்சி."

அவருடைய மனைவி கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "இஞ்சேருங்கோ, உங்களுக்கு எப்ப தொடக்கம்?"

"போன வருசம் தொடக்கம்."

"எனக்குத் தெரியாமலோ? எங்க வைச்சனீங்கள் இவ்வளவு நாளும்?"

"சைக்கிள் சீற்றுக்குக் கீழ."

முதலில் சிரித்தது மாப்பிள்ளைப் பொடியன்தான். பிறகு எல்லோரும். அவருடைய மனைவி மட்டும், "சிரிக்காதேங்கோ, நான் வீட்ட போய்க் கதைக்கிறன் இவரோட," என்று சொல்லிக்கொண்டே தானும் சிரித்தார். நீரும் சம்பந்தியும் ஒரே செம்பில் தண்ணீர் வாங்கிக் குளிசையை விழுங்கினீர்கள். சம்பந்தம் அந்த இடத்திலேயே முடிவாயிற்று என்று நான் நினைக்கிறேன். நாள் பார்த்ததெல்லாம் பிறகு.

அவர்கள் போன பிறகு உம்முடைய மனைவியிடம், "மறந்துபோய்க் கொண்டுவந்திட்டீங்களோ, தங்கச்சி?" என்று கேட்டேன். "மறக்கலண்ணே," என்றார். "மறைச்சுக் கட்டிக் குடுத்தா அவ காலம் பூரா மறைச்சுக்கிட்டுத்தானே இருக்கணும்."

உம்முடைய சம்பந்தி சொன்னால் ஊர் கேட்கும். நீர் சொன்னால் ஊர் சிரிக்கும். இரண்டு பேரும் சேர்ந்தபோது, அடுத்த கிளினிக்குக்குப் புளியமரத்தடி பாதி காலியாகிவிட்டது. பார்த்தால் நீர் ஒருவர் மட்டும் இல்லை. பைக்குள், கூரைத் தட்டிக்குள், வைரவர் படத்துக்குப் பின்னால் என்று எத்தனையோ வீட்டில் ஆண்கள் குளிசையைச் சேமித்து வைத்திருந்தார்கள். வழியில் எதிர்ப்படும் ஒவ்வொருவரையும் நீர் சைக்கிளை நிறுத்திக் கேட்டீர்: "இன்னைக்கு வாயில போட்டியா, பையில போட்டியா?" ஒரு நாள் மண்டபத்தில் என்னுடைய கையையும் இழுத்து டொக்டருக்கு முன்னால் வைத்தீர். "ஊருக்கெல்லாம் எழுதுற கை. இதுக்குள்ள என்ன ஓடுதுன்னு பாருங்க." எனக்குப் பிறசர் எல்லைக்கோட்டில் நின்றது. கருவாடு எனக்கும் போயிற்று. காலையில் குளக்கட்டு நீளத்துக்கு நடக்கத் தொடங்கினோம். சில வருடங்கள் கழித்து எனக்கும் குளிசை வந்தது.

அதற்கு முன்பே, ஓட வேண்டிய அந்த நாள் வந்தது. தெற்கில் இருந்து ஷெல் சத்தம் கிட்டக் கிட்டக் கேட்டு, ஒரு காலையில் ஊர் முழுவதும் வீதிக்கு இறங்கியது. நீர் பையைத் தோளில் கொழுவிக்கொண்டு, சைக்கிளின் இரண்டு பக்கமும் நெல் மூட்டையைத் தொங்கவிட்டு உருட்டினீர். பெரிய வீதியில் ஏறி வடக்கே போய், பிறகு முல்லைத்தீவுப் பக்கம் காட்டு வழியில் நடந்தோம். சம்பந்திக்கு முழங்கால் மடிந்தபோது அவரையும் உம்முடைய தோளில் தாங்கினீர். நிருபராக நான் அந்த வீதியில் பலரைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். உம்மைத்தான் அடிக்கடி திரும்பிப் பார்த்தேன். நேராக நடந்தீர். உம்முடைய மனைவி கேட்ட கேள்விக்கு நீர் அன்றுதான் பதில் சொன்னீர். பையைத் தூக்கியது நீர்தான்.

மறுநாள் காலை ஒரு பாலை மரத்தின் கீழ் மூன்று கல் வைத்து அவர் தண்ணீர் கொதிக்க வைத்தார். வலது கையில் குளிசை, இடது கையில் பனங்கட்டி. "இங்கயுமா?" என்றீர். "இன்னைக்கும் ஒரு நாள்தானே," என்றார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். அங்கே குளிசை முடிந்தது. டொக்டர் எங்கே என்று தெரியாமல் சில நாட்கள் நீர் மருந்து இல்லாமல் இருந்தீர். நான் பயந்துகொண்டிருந்தேன். உப்பில்லாத கஞ்சியைக் குடித்துவிட்டு நிழலில் இருந்த நீர், என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினீர்.

"பாத்தீங்களா நிருபரே, சேத்து வெச்சிருந்தா இப்ப இருக்கும்."

நான் உமக்குப் பக்கத்தில் வந்து இருந்தேன்.

"மருந்து இருக்கும்," என்றீர். "நாந்தான் இருந்திருக்க மாட்டேன்."

டொக்டரைப் பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் கண்டுபிடித்தோம். சைக்கிளை விட்டிறங்க முதலே நீர் சட்டைக் கையைச் சுருட்டத் தொடங்கிவிட்டீர்.

அதற்குப் பிறகு வந்த ஓட்டங்களை நான் இங்கே எழுதவில்லை. அவற்றை வேறு இடத்தில் எழுதியிருக்கிறேன். இந்த மடலுக்கு வேண்டியது இவ்வளவுதான்: நீர் எழுபத்தைந்தைத் தாண்டினீர். பேரப்பிள்ளைகளைச் சைக்கிளில் ஏற்றினீர். இந்தக் காணிக்குத் திரும்பி வந்து, அதே குளக்கட்டில் நடந்தீர். எலி வளையும் தேடினீர். நெல் காய்ந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடினீர். அன்று காலையிலும் குளிசை போட்டிருந்தீர் என்று உம்முடைய மனைவி சொன்னார்; அது தன்னுடைய கணக்கு சரியாக இருக்கிறது என்று சொல்வதுபோல் இருந்தது.

இன்று காலை அவர் எனக்கு பிளேன்ரீ கொண்டுவந்தார். தட்டத்தில் இரண்டு துண்டு பனங்கட்டி. கை பழகிவிட்டது. அவரும் அதைக் கண்டார்.

"ரெண்டையும் சாப்பிடுங்கண்ணே. அவருக்குத்தான் இனிப் பிறசர் இல்லியே." பிறகு வழமையான குரலில், "குளிசை போட்டாச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை."

"அப்பத் தட்டத்தத் தாங்க."

மகள் பையைத் திரும்பக் கட்டிவிட்டாள். பேணியை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் என்னுடைய மேசையில், கண்ணில் படும்படி வைப்பேன். அதற்குள் ஒன்றும் போட மாட்டேன்.

இன்று எனக்குத் தலையிடி இல்லை. கண் மங்கவில்லை. நெஞ்சில் ஒரு நோவும் இல்லை. ஆகவே தண்ணீர் வாங்கி, உம்முடைய வாசலில் நின்று, குளிசையைப் போட்டேன். உம்முடைய மனைவி பார்த்துக்கொண்டு நின்றார். நாக்கைத் தூக்கிக் காட்டினேன்.